சின்ன இன்டிஜர் எங்கே போதும், எங்கே போதாது: ஏற்காட்டு மழைமானியை வைத்து ஒரு பழகுமுறை

ஆர்டுயினோ (சென்சாரை மாட்டிப் புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன எலெக்ட்ரானிக் போர்டு) பழக ஆரம்பிக்கிறவர்களை இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். எண்ணை வைக்கும் ஒவ்வொரு வேரியபிளுக்கும் எவ்வளவு இடம் என்று சொல்லும் டைப்பை நாம்தான் எழுத வேண்டும். ஒரு கூட்டம் எதை எடுத்தாலும் 'இன்ட்' என்றே எழுதும். இன்னொரு கூட்டம், 'பைட் போட்டால் மெமரி மிச்சம்' என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு எதை எடுத்தாலும் 'பைட்' என்று எழுதும். முதல் கூட்டத்துக்கு இடம் பற்றாமல் போகும். பெரும்பாலும் கம்பைல் செய்யும்போதே, அதாவது புரோகிராமைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றும்போதே, எச்சரிக்கை வந்துவிடுவதால் சரிசெய்வது சுலபம். இரண்டாவது கூட்டத்துக்கு விடை தப்பாக வரும், அதுவும் நம்பும்படியாகத் தப்பாக வரும். ஒரு நாளில் 90 மி.மீ. மழை பெய்திருக்க, திரையில் 38.8 மி.மீ. என்று நின்றால் யாருக்குச் சந்தேகம் வரும்?

சின்ன டைப், எண்களைச் சேர்த்து வைப்பதற்கு. கணக்குப் போடுகிற இடத்தில் தாராளமாகப் பெரிய டைப்பைப் போடுங்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஆனால் எது சேர்த்து வைப்பது, எது கணக்கு என்று பிரித்துப் பார்க்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். அதற்கு ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொள்வோம்.

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டம். அங்கே ஒரு மழைமானி, அதோடு ஒரு ஆர்டுயினோ யூனோ. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எவ்வளவு மழை என்று அது குறித்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து மலையேறிப் போய் ஒரு வாரக் கணக்கை எடுத்து வருவோம். மழைமானி இல்லாதவர்கள் ஒரு பட்டனை மாட்டிக்கொண்டு வீட்டு மேசையிலேயே பழகலாம், புரோகிராம் ஒன்றேதான். யூனோ என்று நான் சொல்வது ஏடிமெகா328பி சிப் உள்ள ஆர்3 போர்டை. 2023-இல் வந்த ஆர்4 வேறு சாதி, அதைக் கடைசியில் பார்க்கலாம்.

முதலில் ஆறு எல்லைகள்

இவற்றை வாய்ப்பாடு மாதிரி தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும், வேறு வழியில்லை. பிட் என்பது 0 அல்லது 1 நிற்கும் ஒரு இடம், 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். 8 பிட்டில் 256 விதமான எண்கள் அடங்கும். மைனஸ் வேண்டாம் என்றால் 0 முதல் 255 வரை, மைனஸும் வேண்டும் என்றால் −128 முதல் 127 வரை. 16 பிட்டில் மைனஸ் இல்லாமல் 0 முதல் 65,535 வரை, மைனஸோடு −32,768 முதல் 32,767 வரை. 32 பிட்டில் மைனஸ் இல்லாமல் சுமார் 429 கோடி வரை, மைனஸோடு இரண்டு பக்கமும் சுமார் 214 கோடி வரை.

யூனோவில் 'பைட்' என்றால் மைனஸ் இல்லாத 8 பிட். 'இன்ட்' என்றால் மைனஸோடு 16 பிட். 'அன்சைன்ட் இன்ட்' மைனஸ் இல்லாத 16 பிட். 'லாங்' மைனஸோடு 32 பிட், 'அன்சைன்ட் லாங்' மைனஸ் இல்லாத 32 பிட். 'கேர்' என்று ஒன்று உண்டு, அதுவும் 8 பிட்தான். ஆனால் அதில் மைனஸ் உண்டா இல்லையா என்பது போர்டுக்குப் போர்டு மாறும். எழுத்துகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், எண்ணுக்கு வேண்டாம்.

எல்லையைத் தாண்டினால் மெஷின் சத்தமே போடாது. பைட்டில் 255 இருக்கும்போது ஒன்று கூட்டினால் 0. அதில் 450-ஐப் போட்டால் 256 கழிந்து 194 நிற்கும். மேலே சொன்ன 38.8 அப்படி வந்ததுதான். எப்படி என்று இப்போது பார்ப்போம்.

உச்சத்தைத் தாளில் எழுதுங்கள்

மழைமானிக்குள் இரண்டு சின்னக் கிண்ணங்கள் ஒரே அச்சில் இருக்கும். ஒன்று நிரம்பியதும் சாய்ந்து தண்ணீரைக் கொட்டும், மற்றது மேலே வரும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு சுவிட்ச் தட்டும். ஒரு சாய்வு 0.2 மி.மீ. மழை என்று வைத்துக்கொள்வோம். (உங்கள் மானியின் அளவு வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.) நாம் எண்ணுவது சாய்வுகளை, மில்லிமீட்டரை அல்ல. தசமப் புள்ளியே இல்லாமல் முழு எண்ணாக வைத்துக்கொண்டு, மனிதர் பார்க்கும் இடத்தில் மட்டும் 5-ஆல் வகுத்தால் போதும்.

பைட்டில் 255 சாய்வு, அதாவது 51 மி.மீ. வரை அடங்கும். பத்து நிமிடத்தில் அவ்வளவு மழை கொட்டுவது அரிதிலும் அரிது. எனவே பத்து நிமிடக் கணக்குக்குப் பைட் போதும். ஒரு மணி நேரத்துக்கு? சேர்வராயன் மலையில் கோடை இடிமழை அடித்துப் பெய்தால் 51 மி.மீ. தாண்டாது என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். ஒரு நாளுக்கு? நிச்சயமாகப் போதாது. 90 மி.மீ. என்றால் 450 சாய்வு, 450 பைட்டில் 194 ஆகிறது, 194-ஐ 5-ஆல் வகுத்தால் 38.8.

ஒரே மழை, ஒரே சென்சார். எவ்வளவு நேரத்துக்குச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து டைப் மாறுகிறது. இதனால்தான் டைப்பை எழுதுவதற்கு முன்னால் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதச் சொல்கிறேன்: என்ன அலகு, எவ்வளவு நேரத்துக்கு, அதிகபட்சம் எவ்வளவு.

பழகிப் பார்க்க நம் மாவட்டத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. மேட்டூர் அணைச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டத்தின் உச்சம் 120 அடி. முழு அடியாக என்றால் பைட்டிலேயே அடங்கும். ஆனால் செய்தியில் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வருகிறது, அதையும் வைத்துக்கொள்ள 100-ஆல் பெருக்கினால் 12,000. அதற்கு 16 பிட் போதும். கொள்ளளவு 93.47 டி.எம்.சி., அதையும் 9347 என்று வைத்தால் 16 பிட்டில் அடங்கும். நீர்வரத்துதான் ஏமாற்றும். வருடத்தில் பெரும்பகுதி சில நூறோ சில ஆயிரமோ கன அடிதான், 16 பிட் போதும் போலவே இருக்கும். காவிரியில் வெள்ளம் வந்தால் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டிவிடும், 65,535-இல் அடங்காது. வறண்ட மாதத்தில் எழுதிச் சோதித்த புரோகிராம், வெள்ளம் வந்த அன்று பொய் சொல்லும்.

இன்னும் ஒரு படி போவோம். விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் மொத்தம் எத்தனை கன அடி? ஒரு நாளுக்கு 86,400 விநாடி. பெருக்கினால் 864 கோடி. 32 பிட்டின் உச்சமான 429 கோடியையே தாண்டிவிட்டது! இங்கே 64 பிட்டுக்குப் போகலாம், இல்லாவிட்டால் ஆயிரம் கன அடி என்று அலகை மாற்றிக்கொள்ளலாம். டி.எம்.சி. என்ற அலகையே நீர்வளத் துறையும் செய்தித்தாளும் வைத்திருப்பது இப்படிக் கோடிக்கணக்கான எண்ணைத் தூக்கிக்கொண்டு அலையாமல் இருக்கத்தானே. 1 டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி.

அலகு சரியாக அமைந்தால் டைப் தானாகச் சின்னதாகும். ஏற்காட்டின் உயரம் சுமார் 1,515 மீட்டர், அது 16 பிட்டில் சுகமாக உட்காரும். சென்டிமீட்டரில் வைத்துக்கொள்கிறேன் என்று அடம்பிடித்தால் 1,51,500, உட்காராது. வெப்பநிலையை அரை டிகிரி கணக்கில் வைத்தால் 40.5 டிகிரி என்பது 81. பைட்டில் 127.5 டிகிரி வரை போகலாம். சேலத்துச் சித்திரை வெயிலுக்கும் அது போதும்.

ஒரு வாரத்தை எங்கே வைப்பது

சின்ன டைப்பின் அருமை இங்கேதான் தெரியும். யூனோவில் ரேம் 2048 பைட். கரண்ட் போனாலும் அழியாத ஈஈப்ராம் 1024 பைட். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு நாளுக்கு 144 பதிவு, ஏழு நாளுக்கு 1008. ஒவ்வொன்றையும் ஒரு பைட்டில் வைத்தால் 1008 பைட்டில் முழு வாரமும் ஈஈப்ராமில் அடங்கி, 16 பைட் மிச்சமும் இருக்கும். இன்ட்டாக வைத்தால் 2016 பைட். ஈஈப்ராமில் மூன்றரை நாள்தான் தாங்கும், அதற்கு மேல் எழுத இடமிருக்காது. ரேமில் வைக்கலாம் என்றால் 2048-இல் 2016 போக மற்ற எல்லாவற்றுக்கும் 32 பைட், அதை வைத்துக்கொண்டு ஒரு புரோகிராமும் ஓடாது.

ஆக, ஆயிரம் எண்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் (இதைத்தான் அரே என்பார்கள்) ஒரு பைட் மிச்சம் ஆயிரம் பைட் மிச்சம். ஒற்றை வேரியபிளில் ஒரு பைட் மிச்சம் ஒரு பைட்தான். அதற்காகத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

ஈஈப்ராமின் ஒவ்வொரு இடமும் சுமார் ஒரு லட்சம் முறை எழுதத் தாங்கும். வாரத்துக்கு ஒருமுறை என்றால் கவலையே இல்லை. எழுதாமல் இருக்கும் இடத்தில் 255 இருக்கும். இதை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். 255 என்றால் 'இன்னும் பதிவு இல்லை' என்று வைத்துக்கொண்டு, மழைக் கணக்கின் உச்சத்தை 254 ஆக்கிவிடுங்கள். கரண்ட் போய்த் திரும்பி வந்தால், முதல் 255 எங்கே இருக்கிறது என்று தேடி அங்கிருந்து எழுத ஆரம்பிக்கலாம். எந்த இடம் வரை எழுதினோம் என்று தனியாகக் குறித்து வைக்க வேண்டியதே இல்லை.

254-இல் நிறுத்துவது எப்படி? கூட்டுவதற்கு முன் பாருங்கள்: எண்ணிக்கை 254-ஐ விடச் சின்னதாக இருந்தால் மட்டும் ஒன்று கூட்டு. இந்த ஒரு வரி இருந்தால் பேய்மழை பெய்தாலும் கணக்கு 254-இல் போய் நிற்கும், சுற்றி 0-க்கு வராது. 254 நின்றால் 'இதற்கு மேலும் பெய்திருக்கலாம்' என்று பார்ப்பவருக்குத் தெரியும். சுற்றி வந்த 3-ஐப் பார்த்தால் தூறல் என்று நினைத்துக்கொள்வார். கூட்டிவிட்டு அப்புறம் சோதிப்பது தாமதம், அதற்குள் தப்பு நடந்துவிடும்.

அரேக்கு உள்ளே இருப்பது சின்னது, இடத்தின் நம்பர் சின்னதல்ல

பதிவுகள் எல்லாம் பைட் என்பதால் அவற்றை எண்ணும் வேரியபிளும் பைட் என்று எழுதிவிடுவது புதியவர்களிடம் அடிக்கடி பார்க்கிறேன். பதிவுகள் 1008. பைட்டோ 255-க்கு மேல் போகாது. 256-ஆவது பதிவுக்குப் பின் எண் மறுபடி 0 ஆகி, முதல் நாள் பதிவின் மேலேயே எழுத ஆரம்பிக்கும். 256 பதிவு என்பது 42 மணி 40 நிமிடம். ஒரு ராத்திரி முழுக்க ஓட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். திங்கள் காலை 6 மணிக்கு மலையில் வைத்தால், புதன் விடிவதற்கு முன்னால் திங்கட்கிழமை அழியத் தொடங்கும். இடத்தின் நம்பருக்கு 'அன்சைன்ட் இன்ட்' போடுங்கள்.

ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்பிலும் இதே கண்ணி இரண்டு விதமாக இருக்கிறது. பைட்டை வைத்து '255 அல்லது அதற்குக் கீழ் இருக்கும்வரை ஓடு' என்றால் லூப் நிற்கவே நிற்காது. பைட் எப்போதுமே 255 அல்லது அதற்குக் கீழ்தான். அதே பைட்டை வைத்துக் கீழ்நோக்கி எண்ணி '0 அல்லது அதற்கு மேல் இருக்கும்வரை ஓடு' என்றாலும் நிற்காது. 0-க்கு அப்புறம் −1 வராது, 255 வரும். போர்டு உறைந்துபோன மாதிரி இருந்தால், கம்பியை ஆட்டிப் பார்ப்பதற்கு முன் இந்த இரண்டையும் பாருங்கள்.

கணக்கு நடக்கும் இடம்

நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

சி மொழியில் பைட்டுகளைக் கூட்டினாலோ பெருக்கினாலோ, கம்பைலர் முதலில் இரண்டையும் இன்ட் ஆக்கிக்கொண்டுதான் கணக்கே போடும். 200-ஐயும் 100-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 150 சரியாகவே வரும், நடுவில் வரும் 300 பாதுகாப்பாக இன்ட்டில் இருக்கும். 300-ஐ அப்படியே மறுபடி ஒரு பைட்டில் போட்டால்தான் 44 ஆகும். ஆக, பைட்டுக்குக் கம்பைலர் ஒரு பாதுகாப்புத் தருகிறது. அந்தப் பாதுகாப்பு யூனோவின் இன்ட்டுக்குக் கிடையாது. இன்ட்டும் இன்ட்டும் பெருக்கினால் விடையும் 16 பிட்டுக்குள்தான். 32,767-ஐத் தாண்டினால் அவ்வளவுதான். 'பைட் போட்டால் ஆபத்து, இன்ட் போட்டால் தப்பித்தோம்' என்று நினைப்பவர்கள் விழுவது இந்தக் குழியில்தான்.

எல்எம்35 வெப்பநிலை சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். யூனோ அதைப் படித்து 0 முதல் 1023 வரை ஒரு எண் கொடுக்கும். மில்லிவோல்ட் வேண்டுமென்றால் அந்த எண்ணை 5000-ஆல் பெருக்கி 1024-ஆல் வகுக்க வேண்டும். சேலத்தில் ஒரு மதியம் 82 வருகிறது. 82 × 5000 = 4,10,000. 1024-ஆல் வகுத்தால் 400 மில்லிவோல்ட், அதாவது 40 டிகிரி. சித்திரைக்குச் சரியான கணக்கு. அதையே இன்ட்டில் விட்டால் 4,10,000 அடங்காமல் சுற்றிச் சுற்றி 16,784 ஆகும். வகுத்தால் 16. திரையில் 1.6 டிகிரி! ஏற்காட்டில் 20 டிகிரிக்கு 41 வரும். சரியான கணக்கில் 200 மில்லிவோல்ட், இன்ட் கணக்கில் 8, அதாவது 0.8 டிகிரி. டிசம்பர் மாதத்தில் பார்த்தவர் 'மலை அல்லவா, குளிர்தான்' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

எந்த எண்ணிலிருந்து இது கெடுகிறது தெரியுமா? 7-இலிருந்தே. 7 × 5000 = 35,000, அதுவே 32,767-ஐத் தாண்டிவிட்டது.

விடையை வைக்கும் வேரியபிளை 'லாங்' ஆக்கினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். கணக்கு முடிந்த பிறகுதான் விடை லாங்குக்குள் போகிறது. கெடுவது அதற்கு முன்னாலேயே. பெருக்கலில் ஒரு பக்கமாவது லாங்காக இருக்க வேண்டும். 5000-க்குப் பின்னால் ஒட்டினாற்போல் 'எல்' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டால் போதும், மொத்தப் பெருக்கலும் 32 பிட்டில் நடக்கும்.

சராசரிக்கும் இதே பார்வைதான். சென்சார் எண் ஆடாமல் இருக்கப் பல முறை படித்துக் கூட்டி வகுப்பது வழக்கம். ஒரு எண் அதிகபட்சம் 1023. 32 முறை கூட்டினால் 32,736, இன்ட்டில் மயிரிழையில் அடங்கும். 33-ஆவது கூட்டினால் 33,759, தாண்டிவிடும். அன்சைன்ட் இன்ட் என்றால் 64 முறை வரை: 65,472. நான் 32 முறையோடு நிறுத்திக்கொள்வேன், ஆனாலும் மொத்தத்தை லாங்கில்தான் வைப்பேன். நாளைக்கு யாராவது 32-ஐ 50 ஆக்கிவிட்டால் எனக்குத் தெரியவா போகிறது?

மழைக்குத் திரும்புவோம். ஞாயிற்றுக்கிழமை 1008 பைட்டையும் கூட்டி வார மழை எடுக்கும்போது, கூட்டல் வேரியபிள் பைட்டாக இருக்கவே கூடாது. எல்லாமே 254 என்றால் மொத்தம் 2,56,032. அப்படி நடக்காது என்றாலும் லாங்கே போடுங்கள். அந்த ஒரே ஒரு வேரியபிளுக்கு 4 பைட் கொடுத்தால் குடி முழுகிவிடாது.

நேரம்

பத்து நிமிடத்தை மில்லி விநாடியில் எழுத 10 × 60 × 1000 என்று போடுவார்கள். படிக்க நன்றாக இருக்கும். மூன்றுமே யூனோவில் இன்ட். விடை 6,00,000 ஆக வேண்டியது, 16 பிட்டில் 10,176 ஆகிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிய வேண்டியது பத்து விநாடிக்கு ஒருமுறை பதியும், மூன்று மணி நேரத்துக்குள் ஒரு வாரத்து இடமும் தீர்ந்துவிடும். 10-க்குப் பின்னால் 'யூஎல்' (அன்சைன்ட் லாங்) போட்டால் சரி. 6,00,000 என்று நேராக எழுதினாலும் சரிதான், இன்ட்டில் அடங்காத எண்ணை எழுதினால் கம்பைலர் தானே லாங்காக எடுத்துக்கொள்ளும். பெருக்கல் போட்டு எழுதும்போதுதான் கோளாறு.

இந்த மாதிரித் தப்பைக் கம்பைலர் கண்டுபிடிக்கும், ஆனால் நாம் புரோகிராம் எழுதும் ஆர்டுயினோ ஐடிஇ அந்த எச்சரிக்கையைச் சாதாரணமாகக் காட்டாது. பிரெஃபரன்சஸ் பகுதிக்குப் போய்க் கம்பைலர் வார்னிங்ஸ் என்ற இடத்தில் 'ஆல்' என்று மாற்றி வைத்துவிடுங்கள். முதல் நாளே செய்ய வேண்டிய வேலை.

அடுத்து மில்லிஸ். போர்டு ஓட ஆரம்பித்ததிலிருந்து எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று சொல்லும், அன்சைன்ட் லாங்காக. அதை ஒரு இன்ட்டில் வாங்கி வைத்தால் 32 விநாடிக்கு மேல் தாங்காது. அன்சைன்ட் லாங்கிலேயே வைத்தாலும் சுமார் 49.7 நாளில் நிரம்பி மறுபடி 0-க்கு வரும். இதைக் கண்டு பயப்பட வேண்டாம். 'இப்போது' என்பதிலிருந்து 'கடைசியாகப் பதிந்தது' என்பதைக் கழித்து, அது 6,00,000-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சேலம் புதிய பஸ் ஸ்டாண்டில் 11 மணிக்குக் கோவை பஸ் ஏறி 2 மணிக்கு இறங்கினால், 2-இல் 11 போனால் மைனஸ் 9 என்று யாரும் சொல்வதில்லை, மூன்று மணி நேரப் பயணம் என்றுதான் சொல்கிறோம். மைனஸ் இல்லாத டைப்பின் கழித்தலும் கடிகாரம் மாதிரிச் சுற்றிச் சரியான இடைவெளியைத் தரும். இரண்டு பக்கமும் அன்சைன்ட் லாங்காக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மாறாக 'கடைசி நேரம் + 6,00,000, அதை இப்போது தாண்டிவிட்டதா' என்று கூட்டி எழுதினால் 49-ஆம் நாளில் தடுக்கும்.

இந்தச் சுற்றல் மைனஸ் இல்லாத டைப்புக்குத்தான் சி மொழியில் உறுதியாகச் சொல்லப்பட்டது. மைனஸ் உள்ள டைப் எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு மொழி எந்த உறுதியும் தருவதில்லை. மேலே 1.6 டிகிரி என்று காட்டியது யூனோவில் வழக்கமாக நடப்பது, அதை நம்பி எதையும் எழுதக் கூடாது.

சுற்றல் எல்லா இடத்திலும் நன்மை செய்யாது. மேட்டூர் நீர்மட்டம் நேற்று 118.20 அடி, இன்று 117.90 என்று வைத்துக்கொள்வோம். 11,790-இலிருந்து 11,820-ஐ அன்சைன்ட் இன்ட்டில் கழித்தால் −30 வராது, 65,506 வரும். ஒரே நாளில் 655 அடி ஏறியதாக அர்த்தம்! மட்டத்தை மைனஸ் இல்லாமல் வைக்கலாம். ஏற்ற இறக்கத்தை மைனஸ் உள்ள டைப்பில்தான் வைக்க வேண்டும், கழிப்பதற்கு முன்பே அதற்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

பைட் இன்னொரு இடத்தில் கைகொடுக்கும்

கிண்ணம் சாயும்போதெல்லாம் இன்டரப்ட் மூலம் (போர்டு செய்யும் வேலையை நிறுத்தி இதைக் கவனிக்க வைக்கும் ஏற்பாடு) எண்ணுவது நல்லது, இல்லாவிட்டால் போர்டு வேறு வேலையில் இருக்கும்போது சாய்வு தவறிப்போகும். யூனோவின் சிப் 8 பிட். ஒரு பைட்டை ஒரே மூச்சில் படித்துவிடும். 16 பிட் எண்ணை இரண்டு தடவையாகத்தான் படிக்கும், கீழ்ப் பாதி, அப்புறம் மேல் பாதி. எண்ணிக்கை 255 ஆக இருக்கும்போது கீழ்ப் பாதியைப் படித்தாயிற்று, கிடைத்தது 255. அந்தக் கணத்தில் கிண்ணம் சாய்கிறது, எண்ணிக்கை 256 ஆகிறது. இப்போது மேல் பாதியைப் படித்தால் 1. இரண்டையும் சேர்த்தால் 511. இப்படி ஒரு எண் மழைமானியில் எப்போதுமே இருந்ததில்லை! மாதத்தில் ஒருமுறை நடக்கும், காரணம் கண்டுபிடிக்கவே முடியாது.

எண்ணும் வேரியபிள் பைட்டாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் பத்து நிமிடம் ஆனதும் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு 0 ஆக்குகிறோமே, அந்த இரண்டு வரிக்கு நடுவில் ஒரு சாய்வு வந்தால் அது தொலைந்துபோகும். அந்த இரண்டு வரிக்கு மட்டும் இன்டரப்ட்டை நிறுத்திவைத்து உடனே திரும்பத் திறந்துவிடுங்கள். அந்த வேரியபிள் எந்த நேரமும் மாறலாம் என்று கம்பைலருக்குச் சொல்ல, அதற்கு முன் 'வாலடைல்' என்று எழுதவும் மறக்க வேண்டாம்.

வேறு போர்டு, வேறு மொழி

ஈஎஸ்பி32, யூனோ ஆர்4 இரண்டும் 32 பிட். அங்கே இன்ட் என்றால் 4 பைட். யூனோவில் கெட்ட எல்எம்35 கணக்கு அங்கே சரியாக ஓடும். அங்கே எழுதியதை யூனோவுக்குக் கொண்டுவந்தால் கெடும். இதற்காகவே 1999-ஆம் ஆண்டு சி தரத்தில் அளவைப் பெயரிலேயே சொல்லும் டைப்புகள் வந்தன: யூஇன்ட்8, இன்ட்16, யூஇன்ட்32 என்கிற வகையறா. எழுதும்போது கடைசியில் ஒரு அடிக்கோடும் 'டி' எழுத்தும் சேரும். சேமிக்கிற இடத்திலும், ஒரு போர்டிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புகிற இடத்திலும் இவற்றையே எழுதுங்கள். 32 பிட் சிப்பில் ஒற்றை வேரியபிளைப் பைட் ஆக்கினால் வேகம் கூடாது, சில சமயம் குறையவும் செய்யும். அரேக்கு மட்டும் அங்கேயும் லாபம் உண்டு.

கல்லூரியில் ஜாவா படிக்கிறவர்களுக்கு: உங்கள் பைட் −128 முதல் 127 வரை, ஆர்டுயினோ பைட் அல்ல. பைத்தானில் இன்டிஜருக்கு எல்லையே இல்லை, ஆனால் அதன் கணக்கு நூலகமான நம்பை (NumPy) அரேக்குள் போனால் யூஇன்ட்8 இதே 255-இல்தான் முடியும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் டைனிஇன்ட் 1 பைட், ஸ்மால்இன்ட் 2 பைட்.

மலையேறும் முன்

மேசையில் வைத்தே எல்லைகளைத் தொட்டுப் பாருங்கள். முதலில் பத்து நிமிடத்தை ஒரு விநாடியாக மாற்றுங்கள், ஒரு வாரத்தின் 1008 பதிவும் 17 நிமிடத்துக்குள் ஓடிவிடும். 256-ஆவது பதிவுக்குப் பின் முதல் பதிவு அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். 1008 நிரம்பிய பிறகு புரோகிராம் நிற்கிறதா, 1009-ஐத் தேடிப் போகிறதா என்றும் பாருங்கள்.

பட்டனை 300 முறை அமுக்கிக்கொண்டிருக்க வேண்டாம், எண்ணிக்கையை 250 என்று கையால் வைத்துவிட்டுப் பத்து முறை அமுக்குங்கள். 254-இல் நிற்க வேண்டும், 4 வந்தால் தப்பு. எல்எம்35-க்குப் பதில் 6, 7, 82, 1023 என்ற எண்களை நேராகக் கணக்கில் போட்டுப் பாருங்கள். வர வேண்டிய மில்லிவோல்ட் முறையே 29, 34, 400, 4995.

49 நாள் காத்திருக்கவும் தேவையில்லை. மில்லிஸ் தரும் எண்ணோடு 4,294,900,000-ஐ 'யூஎல்' போட்டுக் கூட்டி, அதை 'இப்போது' என்று வைத்தால் 67 விநாடியில் சுற்றல் வந்துவிடும். அந்த நேரத்தில் பதிவு தடங்கலில்லாமல் நடந்தால் கழித்தல் சரியாக எழுதப்பட்டிருக்கிறது.

இதெல்லாம் ஒத்துவந்தால், சோதனைக்காகக் கூட்டியதை எடுத்துவிட்டு, ஒரு விநாடியை மறுபடி பத்து நிமிடமாக்கி, 'யூஎல்' இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு ஏற்றுங்கள். ஈஈப்ராமில் சோதனைப் பதிவுகள் கிடக்கும், 1008 இடத்திலும் 255 எழுதிய பிறகு பெட்டியை மூடுங்கள்.